‘பாராட்டுக’ என்று ஒரு கட்டளை

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தமிழ் வினாத்தாளில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் அதுதான், ரொம்ப எரிச்சல் தரும் கேள்வியும் அதுதான். ஒரு கவிதையை அச்சடித்துக் கீழே ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்று போட்டிருப்பார்கள். நாலு மதிப்பெண். மற்றக் கேள்விகளுக்கு எல்லாம் பாடத்தில் படித்ததைத் திரும்பச் சொன்னால் போதும். இந்த ஒரு இடத்தில்தான் மாணவரும் கவிதையும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அதாவது இலக்கிய வகுப்பு என்று ஒன்று உண்மையிலேயே நடந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய ஒரே இடம் அது.

அந்த இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. சுந்தரபாண்டியத்தில் எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் தேர்வு நெருங்கும் மாதங்களில் சாயங்காலம் என்னிடம் வந்து தமிழ் படிப்பார்கள். அவர்களுடைய விடைத்தாள்களைத் தொடர்ந்து வாசிப்பதால் எழும் கேள்விகள் இவை.

வினாத்தாளின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். முன்பு தமிழ் முதல் தாள், இரண்டாம் தாள் என்று 200 மதிப்பெண்ணுக்கு இருந்தது. 2018-19 கல்வியாண்டில் அது ஒரே தாளாகி 100 ஆனது. அதில் 10 அகமதிப்பீடு. வருகைப்பதிவு, பள்ளியில் வைக்கும் தேர்வுகள், ஒப்படைவு எல்லாம் இந்தப் பத்துக்குள் அடக்கம். மீதி 90-க்கு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. ஒரு மதிப்பெண் கேள்வி 14. ஆறு மதிப்பெண் நெடுவினா மூன்று. மனப்பாடப் பாட்டுக்கும் குறளுக்கும் சேர்த்து 6. நடுவில் இரண்டு மதிப்பெண், நாலு மதிப்பெண் வினாக்கள். நயம் பாராட்டும் கேள்வி இந்த நாலு மதிப்பெண் கூட்டத்தில் ஒன்று. அதையும் விட்டுவிட்டுப் பழமொழியை வாழ்க்கை நிகழ்வோடு பொருத்தியோ, தமிழாக்கம் செய்தோ தப்பித்துக்கொள்ள வழியுண்டு.

ஆக 90-இல் 4. அதுவும் விருப்பம் இருந்தால். ஒரு கவிதையைத் தானாக வாசித்துச் சொல்லும் திறமைக்கு நம் தேர்வு வைத்திருக்கும் விலை இவ்வளவுதான். சரி, அந்த நாலுக்காவது பிள்ளைகள் கவிதையை வாசிக்கிறார்களா என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஊசியில் கோத்த நயம்

நயம் பாராட்ட ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி, உரைநூலுக்கு உரைநூல் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்னுரை, திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை நயம், மோனை நயம், இயைபு, அணி நயம், சந்த நயம், சுவை, முடிவுரை. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வாக்கியம் முன்கூட்டியே தயார். மோனைக்கு ஒரு வரையறை, அதற்குக் கீழே கவிதையிலிருந்து இரண்டு சொற்களைப் பெயர்த்து வைக்க ஒரு காலியிடம். எதுகைக்கும் அதே. முடிவுரையில் கவிஞர் சொற்சுவையும் பொருட்சுவையும் பொங்கப் பாடியுள்ளார் என்று ஒரு வரி. கவிதை எதுவாக இருந்தாலும் சரி, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி சொல்லைக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்த வாய்ப்பாட்டை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தேன். மூன்று பிள்ளைகள் மூன்று வெவ்வேறு கவிதைக்கு எழுதிய விடைகளில் எடுத்துக்காட்டுச் சொற்களை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு வாசித்தேன். எது எந்தக் கவிதைக்கு எழுதியது என்று எழுதிய பிள்ளைகளாலேயே சொல்ல முடியவில்லை. ‘திரண்ட கருத்து’ பத்தி ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது. மற்றதெல்லாம் யாருக்கும் பொருந்துகிற சட்டை.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்குக் கவிஞர் பெயரைச் சொல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதியதைத் திரட்டி 1929-இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாக்கினார். நல்ல பயிற்சி உள்ளவர்கள்கூடக் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டார்கள் என்பதும், கையில் தயாராக இருந்த உணர்ச்சியைக் கவிதை மேல் ஏற்றினார்கள் என்பதும் அவர் கண்டது. ஆனால் அங்கே பிள்ளைகள் அவரவர் வழியில் தவறினார்கள். அதனால்தான் அவரால் ஒரு புத்தகம் எழுத முடிந்தது. நம் விடைத்தாள்களை வைத்து அப்படி ஒரு புத்தகம் எழுத முடியாது, ஏன்னா இங்கே தவறுவதற்கே இடமில்லை. யாரும் வாசிக்கவில்லை என்றால் யாரும் தப்பாக வாசிக்கவும் முடியாது.

நக்கீரருக்கு நேர்ந்தது

கேள்வியின் வினைச்சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘பாராட்டுக’. கவிதை உனக்குப் பிடித்ததா, எங்கே இடறுகிறது, எந்த வரி தேவையில்லை என்று கேட்கவில்லை. முடிவைக் கேள்வியே எழுதிவிட்டது. மாணவர் அதற்கு ஆதாரம் மட்டும் தேடித் தர வேண்டும்.

தமிழ் மரபே இப்படித்தான், நாம் போற்றிப் பழகியவர்கள் என்று ஒரு பதில் சொல்வார்கள். அது சரியில்லை. தருமிக்காகச் சிவபெருமானே எழுதித் தந்த பாட்டில் பொருட்குற்றம் சொன்ன நக்கீரர் கதையைத்தானே நாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? அதில் வரும் பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இன்றும் இருக்கிறது. கதை வரலாறு ஆகாது. ஆனால் தமிழ்ச் சமூகம் தன் விமர்சகனை எப்படிக் கற்பனை செய்துகொண்டது என்பதற்கு அது சாட்சி. சபையில் எழுந்து நின்று குற்றம் குற்றமே என்று சொல்கிற ஆள் அவன்.

பிற்காலத்தில் ரசனைக்கே பெயர்போன ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை எடுத்துக்கொள்வோம். இராசபாளையத்திலிருந்து தெற்கே போனால் வரும் குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பனைக் கொண்டாடியவர். அவர் பதிப்பித்த ராமாயணத்தில் கம்பன் வாக்கு இல்லை என்று தன் காதுக்குப் பட்ட பாட்டையெல்லாம் தயங்காமல் தள்ளினார், சில இடங்களில் சொல்லையே மாற்றினார். அந்த முறை சரியா என்று அன்றைக்கே சண்டை நடந்தது. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு விஷயம் அதிலிருந்து தெரிகிறது. நிஜமாகப் பாராட்டத் தெரிந்தவருக்குத் தள்ளவும் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் பாராட்டு என்று சொன்னால் எதையும் பாராட்டத் தெரியாமல் போகும்.

வேடிக்கை என்னவென்றால், நம் பிள்ளைகளின் பாடநூலில் நக்கீரர் இருக்கிறார். 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் இரண்டாம் இயலில் நெடுநல்வாடை. குற்றம் சொன்ன நக்கீரரும் இந்த நக்கீரரும் ஒருவர்தானா என்பது தனி ஆராய்ச்சி. எப்படியும், அந்தப் பெயர் கொண்டவர் எழுதிய பாட்டை நாம் எப்படிப் படிக்க வைக்கிறோம் என்று பார்த்தால் சிக்கல் முழுசாகப் புரியும்.

பன்னிரண்டு அடியும் மீதி 176-ம்

நெடுநல்வாடை 188 அடி. பாடத்தில் உள்ளது முதல் 12. மழை பெய்து வெள்ளம் வருகிறது. கோவலர்கள் பழகிய இடத்தை விட்டு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். குளிர் தாங்காமல் நெருப்பில் கையைக் காட்டிக் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்கு ஒடுங்குகிறது. பறவை மரத்திலிருந்து விழுகிறது. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. மலையே குளிர்ந்துவிட்ட மாதிரி ஒரு நள்ளிரவு.

இதிலிருந்து பிள்ளைகள் தேர்வுக்குத் தயார் செய்வது என்ன? ‘வளைஇ’ சொல்லிசை அளபெடை, ஒரு மதிப்பெண். பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன், ஒரு மதிப்பெண். பகுபத உறுப்பிலக்கணம் ஒன்று, புணர்ச்சி விதி ஒன்று. குளிரால் உயிர்கள் பட்ட பாட்டை வரிசையாகச் சொல்ல ஒரு வினா. வரிசை முக்கியம்: கோவலர், விலங்கு, குரங்கு, பறவை, பசு. ஐந்தும் வந்தால் முழு மதிப்பெண்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அப்பா தறி நெய்கிறவர், அரையாண்டுத் தேர்வில் இந்த வினாவுக்கு ஐந்தையும் எழுதிவிட்டு மூன்று வரி சேர்த்து எழுதியிருந்தாள். பசு கன்றைத் தள்ளுவது கோபத்தால் இல்லை, குளிரில் மடி வெடித்து வலிக்கும், தாய்க்கே பிள்ளையைச் சேர்க்க முடியாத குளிர் என்று புலவர் சொல்கிறார், இதுதான் இருப்பதிலேயே கொடுமையானது, அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறார் என்று. அந்த மூன்று வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ‘தேவையற்றது’. ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது.

“சித்தப்பா, இது தப்பா?” என்று கேட்டாள்.

“தப்பு இல்லம்மா. ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எங்க ஆச்சி வீட்டு மாடு ஐப்பசி மழையில இப்படித்தான் பண்ணும். கிட்ட போனாலே காலத் தூக்கும். ஆச்சி வெண்ணெய் தடவி விடும். ஆனா பப்ளிக்ல இத எழுத மாட்டேன். ஒரு மார்க் போயிரும்ல.”

அவள் எழுதியது நெடுநல்வாடைக்குள் போக ஒரு நல்ல வாசல். ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு பாட்டு ஊருக்குள் போகிறது, அப்புறம் அரண்மனைக்குள், கட்டிலுக்கு, அதில் தனியாகக் கிடக்கும் அரசிக்கு. முடிவில் அதே நள்ளிரவில் அரசன் பாசறையில் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பிரிவுதான் பாட்டின் பொருள். அந்தப் பிரிவு அரண்மனையில் தொடங்கவில்லை. மேய்ச்சல் நிலத்திலேயே தொடங்கிவிட்டது. கோவலர் தன் நிலத்தைப் பிரிகிறார். பறவை கிளையைப் பிரிகிறது. பசு கன்றைப் பிரிகிறது. ஒட்டியிருக்க வேண்டியதெல்லாம் குளிரில் விட்டுப்போகிறது. இந்த வரிசையில்தான் அரசியும் அரசனும் வருகிறார்கள். அந்தப் பெண் கடைசி ஐட்டத்தை ஏன் கடைசியில் வைத்தார் என்று கேட்டதும் இந்த நூல் கையில் பிடிபடுகிறது.

பன்னிரண்டு அடியோடு நிறுத்தினால் இது தெரியாது. பாடம் வெறும் மழைக்காலக் காட்சி ஆகிவிடும். காட்சிக்கு ‘இயற்கை வருணனை’ என்று ஒரு தலைப்புப் போட்டு வேலையை முடித்துவிடலாம். முடித்தும் விடுகிறோம்.

அதை விடச் சுவாரசியமான கேள்வி ஒன்று அதே பாட்டில் காத்திருக்கிறது. இவ்வளவு பிரிவுத் துயரம் பேசும் பாட்டு அகமா புறமா? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் புறம் என்கிறார். காரணம், பாசறையில் வரும் வேலில் வேம்பு சூட்டியிருக்கிறது, வேம்பு பாண்டியரின் அடையாளம், ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டால் அகம் ஆகாது. ஒரு வேப்பிலை பாட்டின் வகையையே மாற்றுகிறது! பாண்டியன் பெயரையே ஊர்ப்பெயரில் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண் விரியும். அந்தக் காரணம் போதுமா, ஒரு இலைக்காக அத்தனை துயரத்தையும் புறத்தில் தள்ளலாமா என்று வாதாடலாம். இரண்டு பக்கமும் எழுதலாம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஏ.பி. இலக்கியத் தேர்வில் ஒரு கவிதை பற்றி, ஒரு உரைநடைப் பகுதி பற்றி, தாங்கள் முழுசாகப் படித்த ஒரு நூலை வைத்து ஒரு வாதம் பற்றி என மூன்று கட்டுரை உண்டு. அந்த மூன்றாவது வகைக் கேள்விக்கு நெடுநல்வாடை அளவெடுத்துத் தைத்த மாதிரி. கேட்கத்தான் ஆளில்லை.

எதிர்வாதத்தையும் கேட்போம்

சிவப்பு மை போட்ட ஆசிரியரைத் திட்ட எனக்கு விருப்பம் இல்லை. அவருக்கு விடைக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. ஐந்து குறிப்பு, ஐந்துக்கும் டிக். பொதுத்தேர்வில் பல லட்சம் விடைத்தாள். எங்கோ ஒரு மையத்தில் யாரோ திருத்துவார்கள். அங்கே ஒரே விடைக்கு ஒருவர் நாலும் இன்னொருவர் இரண்டும் போட்டால் பிள்ளைதான் பாதிக்கப்படும். வாய்ப்பாடு இந்த அநியாயத்துக்கு ஒரு தடுப்பு. இது நியாயமான வாதம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் முதல் முதலாகப் பிளஸ் டூ எழுதும் பிள்ளைக்கு ‘உன் மனசில் பட்டதை எழுது’ என்று சொல்வது உதவி ஆகாது, நட்டாற்றில் விடுவது. வீட்டில் புத்தகம் பேசுகிற பிள்ளைக்குத்தான் அது லாபம். எதுகை, மோனை, அணி என்று பிடித்துக்கொள்ள நாலு கொம்பு இருப்பது நல்லதுதான். 35 வாங்க வேண்டிய பிள்ளைக்கு அந்தக் கொம்பைப் பிடுங்க நான் சொல்ல மாட்டேன். மனப்பாடத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கிடக்கிற பாட்டு முப்பது வயதில் திடீரென்று பொருள் சொல்லும்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. பொறியியல் கட்-ஆஃப் கணக்கு, இயற்பியல், வேதியியலில் இருந்து வருகிறது. மருத்துவத்துக்கு நீட். தமிழ் மதிப்பெண் இரண்டிலும் சேராது. ஜனவரி பிறந்தால் தமிழ் பீரியடைக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். இருக்கிற பீரியடில் வாய்ப்பாடு ஒன்றைத்தான் சொல்லித்தர முடியும்.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் ஒன்று இடிக்கிறது. வாய்ப்பாடு கொம்பாக இருக்கும்வரை சரி. அந்தப் பெண் கொம்பையும் பிடித்துக்கொண்டு, ஐந்து குறிப்பையும் எழுதிவிட்டு, அதற்கு மேல் ஏறினாள். அதற்கு மதிப்பெண் கொடுக்காமல் விடலாம். குறைத்தது எதற்கு? அவள் அதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தெரிந்ததைச் சொல்லாதே. இலக்கிய வகுப்பில் ஒரு பிள்ளை கற்கக்கூடிய மிக மோசமான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

புத்தகத்திலேயே இருக்கிறது

புத்தகம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘கற்பவை கற்றபின்’ என்று ஒரு பகுதி. பேசு, தேடு, ஒப்பிடு, தொகுத்துக்கொண்டு வா என்று நல்ல வேலைகளாகக் கொடுத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தில் சி. மணி இருக்கிறார், நகுலன் இருக்கிறார், நம் கரிசல் பூமணியின் ‘உரிமைத்தாகம்’ இருக்கிறது. வாய்ப்பாட்டுக்குள் அடங்காதவர்களாகப் பார்த்துச் சேர்த்த மாதிரி தெரிகிறது. நகுலன் கவிதையில் எதுகை தேடினால் என்ன கிடைக்கும்? ஆனால் ‘கற்பவை கற்றபின்’ தேர்வில் வராது. வராததால் நடத்துவதில்லை. ஒப்படைவு என்று வாங்குவது உரைநூலில் இருந்து பார்த்து எழுதிய நாலு தாள், மேலே ஒரு பூப்படம்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. முதலாவது, வினைச்சொல்லை மாற்றுங்கள். பாராட்டுக என்பதற்குப் பதில் கவிதையைப் பற்றி ஒரு குறிப்பான கேள்வி: இந்தச் சொல் ஏன் இங்கே, இந்தக் காட்சி ஏன் கடைசியில். விடைக்குறிப்பில் ‘உரிய சான்றுடன் எந்தக் கருத்தும் ஏற்கப்படும்’ என்று ஒரு வரி. சான்று இருக்கிறதா என்று பார்ப்பது எதுகை இருக்கிறதா என்று பார்ப்பதைவிடக் கடினம் இல்லை.

இரண்டாவது, ஒப்படைவை நிஜ ஒப்படைவாக்குங்கள். இருக்கிற அகமதிப்பீட்டு மதிப்பெண் போதும், புதிதாக ஆணை எதுவும் வேண்டாம். இந்த வருஷம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்திருக்கும் வேலைகளைச் சொல்கிறேன்; யாருக்காவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்னூல் பாயிரத்தில் நூல் என்ற பெயருக்கு விளக்கம் வருகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவர் நூற்கும் பெண், வாய் கை, அறிவு கதிர். உங்கள் வீட்டுத் தறியைப் பார். பாவு, ஊடை, நாடா, அச்சு எதுவும் இந்த உவமையில் இல்லையே, ஏன்? இழையோடு நிறுத்திவிட்ட உவமை போதுமா? சேலை எது?

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அதே முறையில் நெசவுச் சொற்கள் நாற்பது திரட்டு. ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று எழுது.

இராசபாளையத்து மு. கு. ஜகந்நாதராஜா பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு பாட்டையும் குறுந்தொகையில் ஒரு பாட்டையும் பக்கத்தில் வை. யார் பேசுகிறார்கள், யாரிடம்? எது உனக்குப் பிடிக்கவில்லை? பிடிக்கவில்லை என்பதற்குப் பாட்டில் இருந்து சான்று காட்டு.

மூன்றாவது, ஒரு வருஷத்தில் ஒரே ஒரு நூலையாவது முழுசாக வாசிப்பது. 188 அடி ஒன்றும் பெரிதில்லை, வாரத்துக்குப் பதினைந்து அடி என்றால் மூன்று மாதம். இரண்டாம் இயல் என்பதால் நெடுநல்வாடையை ஆடிக்காற்றில் நடத்தி முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அதை ஐப்பசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். வத்திராயிருப்புப் பக்கம் மழை இறங்கி, பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் வந்து, ஆடு மாடு வைத்திருப்பவர்கள் மேடு தேடுகிற நேரத்தில் வாசித்தால் பாதி உரை தேவைப்படாது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இது. பப்ளிக் பரீட்சையில் ஐந்து குறிப்பையும் முதலில் எழுது, ஒன்றையும் விடாதே. எழுதி முடித்துக் கோடு போட்டபின் இடமிருந்தால் உன் மூன்று வரியைத் தனிப் பத்தியாக எழுது. “திருத்துறவங்க அடிச்சா?” என்றாள். அடிக்கட்டும், ஐந்து குறிப்புக்கான மதிப்பெண்ணை யாரும் எடுக்க முடியாது, அந்த மூன்று வரியை யாரோ ஒருவர் வாசித்திருப்பார் என்றேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. அவளுக்குக் கணக்குப் பாடம்தான் முக்கியம், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஆனால் நன்னூல் உவமைக்கு அவள் எழுதிக்கொண்டு வந்த பதில் ரெண்டு பக்கம் இருக்கிறது. நூற்கிறவளைப் புலவர் என்று சொன்ன நன்னூலார் நெய்கிறவரை ஏன் மறந்தார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். நூல் யார் வேண்டுமானாலும் நூற்கலாம், அறுந்த இழையைப் பாவு நடுவில் சேர்க்கத் தெரிந்தவன்தான் நெசவாளி என்று அவர் சொன்னாராம். அதை உரையாசிரியர்கள் வேலையோடு ஒப்பிட்டு அவள் முடித்திருக்கும் விதத்தில் எனக்குச் சில மறுப்புகள் உண்டு. பூமணி கதைக்கு மற்றப் பிள்ளைகள் எழுதியதோடு சேர்த்து அதை அடுத்த குறிப்பில் பேசலாம்.